கூட்டுச் சலுகையும் 'நாம்' என்னும் சொல்லும்

(நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.)

குளிர்காலப் பருவம் தொடங்கி வகுப்புகள் சூடுபிடிப்பதற்குள், ஐதராபாத்தில் நானறிந்த துறைகள் பலவற்றின் வாட்ஸாப் குழுக்களில் ஒரே வகையான படம் வந்து விழுகிறது. நகரின் வெளிவட்டச் சாலையை ஒட்டிய ஏதேனும் ஒரு கேளிக்கைப் பூங்காவின் விளம்பரம் அது. நீர்ச்சறுக்கில் கைதூக்கிச் சிரிக்கும் இளைஞர்கள், பெரிய எழுத்தில் ஒரு விழுக்காடு, அதன் தோளில் ஒரு சிறு உடுக்குறி. அதன் கீழே யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார்: நாம் போகிறோம், பெயர்களைத் தாருங்கள். மாலைக்குள் பட்டியல் நீள்கிறது. பூங்காவிலிருந்து திரும்பும் வழியில் நுமாயிஷிலோ, ரமலான் மாதமானால் ஹலீம் கடையிலோ இறங்கிச் சாப்பிடுவது என்று திட்டம் விரிகிறது. பகலில் தள்ளுபடி, இரவில் உணவுத் திருவிழா. நல்ல திட்டந்தான். யார் வருகிறார்கள், யாரால் வர முடியவில்லை, வராதவரைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை முடிவு செய்வது நட்பு என்றுதான் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பகுதியை முடிவு செய்வது சலுகையின் அமைப்பே என்பது என் கருத்து. அந்த அமைப்பை மாணவர்களாகிய நாம் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் பல மனக்கசப்புகள் நேர்ந்தே இரா.

சலுகைகளின் மொழியிலிருந்து தொடங்குகிறேன்; என் தொழில் அது. '50 விழுக்காடு வரை தள்ளுபடி' என்னும் தொடரில் வேலை செய்யும் சொல் 'வரை'. ஒருவருக்கு 5 விழுக்காடு கிடைத்தாலும் அத்தொடர் பொய்யாகாது. ஆயினும் வாசிப்பவர் மனத்தில் பதிவது 50. சொல்லப்பட்டதற்கும் உணர்த்தப்பட்டதற்கும் இடையிலுள்ள இந்த வெளியைப் பற்றித்தான் கிரைஸ் 1975இல் வெளியான கட்டுரையில் எழுதினார். நாம் முதுகலையில் அதைப் படித்துத் தேர்வும் எழுதினோம். உடுக்குறியின் கதையும் வேடிக்கையானது. வரலாற்று மொழியியலில் அது சான்று கிடைக்காத, மீட்டுருவாக்கப்பட்ட வடிவத்தைக் குறிக்கும். தொடரியலில் அது இலக்கணப் பிழையான வாக்கியத்தின் தலையில் அமரும். விளம்பரத்தில் நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்று பொருள். மூன்று இடத்திலும் அது உள்ளபடி இல்லாத ஒன்றின் அடையாளம் என்பதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

முன்பதிவுச் சலுகை, வேலைநாள் சலுகை, மாணவர் அடையாள அட்டைச் சலுகை, பிறந்தநாள் சலுகை ஆகியவையெல்லாம் தனிமனிதரை நோக்கியவை. அவற்றால் பெரிய தீங்கில்லை. வேண்டுபவர் எடுத்துக்கொள்வர், வேண்டாதவர் விட்டுவிடுவர். கூட்டுச் சலுகை வேறு இனம். அதற்கு ஒரு வாசல் எண் உண்டு. இத்தனை பேர் சேர்ந்தால் இத்தனை விழுக்காடு குறையும். ஒருவர் குறைந்தாலும் எல்லோருக்கும் முழு விலை. இந்த ஒரு விதி ஒரு தனிமனிதரின் 'வரவில்லை' என்னும் சொல்லின் பொருளையே மாற்றிவிடுகிறது. அது அவருடைய விருப்பமாக இருப்பது நின்று, மற்ற எல்லோர் மீதும் அவர் சுமத்தும் அபராதமாகிவிடுகிறது.

எளிய எண்களை வைத்துக்கொள்வோம். இவை எந்தப் பூங்காவின் விலையும் அல்ல. கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. சீட்டின் விலை 1,200 ரூபாய். 20 பேர் சேர்ந்தால் 20 விழுக்காடு குறைந்து ஆளுக்கு 960. இப்போது இருபதாமவர் வரவில்லை என்கிறார். மீதமுள்ள 19 பேரும் ஆளுக்கு 240 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், மொத்தம் 4,560. குழுவில் உடனே இந்த எண் எழுதப்படுகிறது. உன்னால் எங்களுக்கு 4,560 ரூபாய் நட்டம். இதை யாரும் இத்தனை அப்பட்டமாகச் சொல்வதில்லை. 'எப்படியாவது வாருங்கள்' என்கிறார்கள், சிரிக்கும் படங்களைச் சேர்த்து அனுப்புகிறார்கள். அதைப் பெறுபவருக்குக் கேட்பது எண்தான்.

இருபதாமவர் பெரும்பாலும் யார்? ஒரே ஆய்வறையில் அமர்ந்திருக்கும் நால்வரை எண்ணிப் பாருங்கள். இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய்; முதுநிலைக்கு உயர்ந்தவருக்கு 42,000. அடுத்த மேசையில், நெட் தேர்வின் வழி உதவித்தொகை பெறாத முனைவர்பட்ட மாணவருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000. அந்த எட்டாயிரத்தையும் நிறுத்தப் பார்த்ததற்கு எதிராகத்தான் 2015இல் தில்லியில் பல்கலைக்கழக மானியக்குழு வாசலில் மாணவர்கள் நாள்கணக்கில் அமர்ந்தனர். முதுகலை மாணவர்களுக்கு அதுவும் இல்லை. இதற்கு மேல், உதவித்தொகை மாதந்தோறும் வருகிறதா என்று நம்மில் யாரையேனும் கேளுங்கள். மூன்று நான்கு மாதப் பாக்கி சேர்ந்து ஒருநாள் வந்து விழுவதே வழக்கமாகிவிட்டது. வந்த வாரத்தில் நாம் செல்வர்கள், அடுத்த மாதம் விடுதிக் கணக்கரைக் கண்டு ஒதுங்கி நடப்பவர்கள்.

சீட்டின் விலையோடு செலவு முடிவதும் இல்லை. நீர் விளையாட்டுகளுக்குப் பருத்தி ஆடை கூடாது என்பார்கள். நைலான் ஆடையை வாடகைக்கோ விலைக்கோ வாங்க வேண்டும். பொருள்களை வைக்க லாக்கர். வெளி உணவுக்குத் தடை, ஆகவே உள்ளே விற்கும் விலைக்குத்தான் மதிய உணவு. போகவர வண்டி. அன்று விடுதி மெஸ்ஸில் நமக்காகச் சமைக்கப்பட்ட, ஏற்கெனவே பணம் கட்டிய சோறு வீணாகும் என்பதையும் கணக்கில் சேர்க்கலாம். 960 ரூபாய்ப் பயணம் மாலைக்குள் இரண்டாயிரத்தை எட்டிவிடும். எட்டாயிரம் பெறுபவருக்கு அது கால் பங்கு. வரியைப் பற்றியும் ஒரு சொல். 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபோது பூங்கா நுழைவுக்கு 28 விழுக்காடு விதித்தார்கள்; 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். நாம் இத்தனை பாடுபட்டுத் தேடும் தள்ளுபடி ஏறத்தாழ அந்த வரியின் அளவே என்பதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

பணமில்லை என்று நம் வளாகங்களில் யாரும் சொல்வதில்லை. நெறியாளரைச் சந்திக்க வேண்டும் என்பர். காய்ச்சல் என்பர். ஆய்வேட்டின் மூன்றாம் இயலை முடிக்க வேண்டும் என்பர். சிலர் கோட்பாட்டின் பின்னே ஒளிவர்: டிஸ்னிலாண்டைப் பற்றி பூத்ரியார் 1981இல் எழுதியதைச் சொல்லி, இத்தகைய போலி உலகங்களில் தமக்கு நாட்டமில்லை என்பர். நாம் அதைக் கேட்டு மேட்டிமை என்று நகைப்போம். எல்லா மேட்டிமையும் மேட்டிமை அன்று. சிலருக்கு அது கிழிந்த சட்டைமேல் போர்த்திய சால்வை.

சென்ற ஆண்டு என் துறையில் நடந்த ஒன்றைச் சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு, அடையாளத்தை விலக்கிவிட்டுச் சொல்கிறேன். பட்டியல் சரியாக வாசல் எண்ணில் நின்றது. முதுகலை மாணவி ஒருவர் மூன்றாம் நாள் தமக்கு உடல்நலமில்லை என்று எழுதினார். அன்றிரவுக்குள் ஆறு பேர் அவருக்குத் தனித்தனியே செய்தி அனுப்பினர். எவரும் கெட்டவர் அல்லர். எல்லோரும் அன்பாகவே எழுதினர். அவர் வந்தார். எல்லா ராட்டினங்களிலும் ஏறினார், எல்லாப் படங்களிலும் சிரித்தார். இரண்டு வாரம் கழித்து நூலகப் படிக்கட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, "அக்கா, மேலே தலைகீழாகச் சுற்றும்போதும் எனக்குக் கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது" என்றார். அறைத்தோழியிடம் கடன் வாங்கி வந்திருக்கிறார். அந்த மாதம் தேர்வுக் கட்டணம் கட்ட ஊரிலிருந்த அக்காளிடம் கேட்டிருக்கிறார். அவரைக் கட்டாயப்படுத்தியது யார் என்று தேடினால் ஒருவரும் கிடைக்கமாட்டார். விதி ஒன்றே கிடைக்கும்.

இப்போது அதே கணக்கை மறுபடி போடுவோம்; இம்முறை விளம்பரம் சொல்லித்தரும் வழியில் அன்று. 20 பேருக்கான சீட்டின் மொத்த விலை சலுகையோடு 19,200 ரூபாய். 19 பேர் முழு விலையில் வாங்கினால் 22,800. அதாவது இருபதாமவர் வராவிட்டாலும் 20 சீட்டையே வாங்கி ஒன்றைக் கிழித்தெறிவது, 19 சீட்டு வாங்குவதைவிட 3,600 ரூபாய் மலிவு. 19,200ஐ 19 பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஏறத்தாழ 1,010. சலுகை விலையைவிட ஐம்பது ரூபாய்தான் கூடுதல். 240 ரூபாய் நட்டம் என்ற பேச்சு கணக்கறியாமையில் பிறந்தது. மூவர் பின்வாங்கி 17 பேர் பகிர்ந்தாலும் ஆளுக்கு 1,130க்குள்தான். நால்வர் பின்வாங்கினால்தான் முழு விலைக்குச் சமமாகிறது. ஆகவே இருபது பேர் கொண்ட பட்டியலில் நால்வர் வரை 'இல்லை' சொல்ல இடமுண்டு. அவர்கள் எவரும் யாருக்கும் முழு விலையைவிட ஒரு காசும் கூடுதலாக வைக்கவில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. இருபதாம் சீட்டு எப்படியும் வாங்கப்படப்போகிறது என்றால், அதில் பணம் கட்டாத ஒருவர் உட்கார்ந்து வந்தால் யாருக்கு என்ன குறை? அவர் பெயர் இல்லாவிட்டால் மற்ற 19 பேரும் 1,200 கொடுப்பர். அவர் பெயர் இருப்பதால் 1,010 கொடுக்கின்றனர். அவரால் ஆளுக்கு 190 ரூபாய் மிச்சம். சலுகை அளிப்பவர் யார், பெறுபவர் யார்? பணமில்லாத நண்பரை அழைத்துச் செல்வதை நாம் தருமமாகவும் இரக்கமாகவும் எண்ணிக்கொள்கிறோம். அவரும் அப்படியே எண்ணிக் கூசுகிறார். கூட்டுச் சலுகையின் கணக்குப்படி அவர்தான் கொடையாளி. இதைத் திட்டமிடும் நாளிலேயே எல்லோர் முன்னும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், கூச்சத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும் என்று நம்புகிறேன். முழுதும் கரையாது, இரண்டு தலைமுறை ஏழ்மையை ஒரு வகுத்தல் கணக்கு துடைத்துவிடாது.

(எல்லாச் சலுகைகளும் இக்கணக்கில் அடங்கா. சில பூங்காக்கள் நேரில் வந்து நுழைபவர் எண்ணிக்கையைத்தான் பார்க்கும். சில, கல்லூரி முதல்வரின் கடிதம் கேட்கும். விதியை முதலில் படித்துவிட்டு, அதன்பின் குழுவில் படத்தைப் பகிர்வது நல்லது.)

'நாம் போகிறோம்' என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்த முதல் செய்திக்குத் திரும்புகிறேன். ஆங்கிலத்தில் அந்தத் தன்மைப் பன்மை ஒன்றே ஒன்று. கேட்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று அது சொல்லாது. இந்தியின் 'ஹம்' என்பதும் இன்றைய கன்னடத்தின் 'நாவு' என்பதும் அப்படியே. தமிழில் நாம் என்றால் கேட்பவரும் சேர்த்தி; நாங்கள் என்றால் அவர் வெளியே. தெலுங்கில் 'மனம்' சேர்ப்பது, 'மேமு' விலக்குவது. தெலுங்கும் தமிழும் பேசுவோர் நிறைந்த ஒரு குழு, ஆங்கிலத்தில் திட்டமிடும்போது இந்த வேறுபாட்டை இழந்துவிடுகிறது. அழைப்பவர் 'மனம்' என்று எண்ணி எழுதுகிறார். கையில் காசில்லாதவர் 'மேமு' என்று வாசிக்கிறார். இரண்டு வாசிப்பும் இலக்கணப்படி சரி. மொழியே சிந்தனையைத் தீர்மானிக்கிறது என்ற பழைய வாதத்தை இங்கே நான் கொண்டுவரவில்லை. ஆங்கிலத்துக்குப் பதில் தெலுங்கில் எழுதினால் எல்லோருக்கும் காசு வந்துவிடாது. ஆனால் அழைப்பு எழுதுபவர் 'மனம்' என்று எழுத நேர்ந்தால், எழுதும் முன் ஒரு கணம் யார் யார் என்று எண்ணிப் பார்ப்பார். அந்த ஒரு கணம் போதும் என்பதே என் ஆசை.

பூங்காக்களை வெறுப்பவர்களின் பக்கம் நான் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கோட்பாட்டு வகுப்புகளில் இப்பூங்காக்களைப் பற்றி ஏளனமாகப் பேசுவது எளிது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த ஒரு பெண், ஊரில் உரக்கச் சிரித்தாலே திரும்பிப் பார்க்கும் தெருவில் வளர்ந்தவள், ரோலர் கோஸ்டரின் உச்சியில் வயிற்றிலிருந்து கத்துவதைக் கேட்டவர்கள் அந்த ஏளனத்தை அவ்வளவு எளிதில் பேசமாட்டார்கள். ரவிர்யாலாவின் வொண்டர்லா 2016இலும் ராமோஜி திரைப்பட நகரம் 1996இலும் வந்தவை. இவை இல்லாத காலத்து மாணவர் இன்பங்கள் இவற்றைவிட மேலானவை என்று கருத எனக்குச் சான்றில்லை. வேண்டுவது பூங்காவைத் துறப்பதன்று. ஒரு துறையின் நட்பு முழுதையும் அந்த ஒரு வாசலில் கொண்டுபோய் நிறுத்தாதிருத்தல் வேண்டும்.

இதனால்தான் திட்டத்தின் பின்பாதியான உணவைப் பற்றி எனக்கு ஆர்வம் மிகுதி. நுமாயிஷ் ஆண்டுதோறும் ஜனவரி 1 தொடங்கிப் பிப்ரவரி 15 வரை நாம்பள்ளியில் நடக்கிறது. ஐதராபாத்துக்காரர்கள் இதை அறிவர். இது யாரால் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை மாணவர்கள் பலர் அறிந்திருக்கவில்லை. 1938இல் உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரிகள் சிலர், ஐதராபாத் இராச்சியத்தின் பொருளாதார நிலையைக் கணக்கெடுக்கும் ஆய்வுக்குப் பணம் திரட்ட எண்ணினர். அதற்காக உள்நாட்டுப் பொருள்களின் கண்காட்சி ஒன்றைப் பப்ளிக் கார்டன்ஸ் பூங்காவில் நடத்தினர். ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் அதைத் திறந்து வைத்தார். 1946இல் அது நாம்பள்ளித் திடலுக்கு மாறியது. இன்று அதை நடத்தும் கண்காட்சிக் கழகம் தன் வருவாயில் கல்வி நிறுவனங்களை நடத்துகிறது. கள ஆய்வுக்கு நிதியில்லாத ஆய்வாளர்கள் கூடிச் சந்தை வைத்தனர். அந்தச் சந்தைதான் இன்று நாம் மிளகாய் பஜ்ஜி தின்னப் போகுமிடம். உதவித்தொகைப் பாக்கிக்காகக் காத்திருக்கும் நமக்கு இதைவிட நெருக்கமான முன்னோர் யார்?

நுழைவுக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் 40, 50 ரூபாய் அளவில்தான் இருந்திருக்கிறது. உள்ளே போனபின் எதைத் தின்பது, எதில் ஏறுவது, எதையும் வாங்காமல் காஷ்மீர்ச் சால்வைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு நடப்பதா என்பதெல்லாம் அவரவர் பைக்கேற்ப. ஒருவர் நூறு ரூபாயிலும் இன்னொருவர் ஆயிரத்திலும் ஒரே மாலையை ஒன்றாகக் கழிக்க முடியும். யார் எவ்வளவு செலவழித்தார் என்று யாருக்கும் தெரிவதில்லை. ஒருவர் வராவிட்டால் மற்றவரின் பஜ்ஜி விலை ஏறுவதில்லை. வாசல் எண் இல்லாத கூட்டம் அது.

உடனே பக்தினை இழுத்துவந்து நுமாயிஷைத் திருவிழாச் சிரிப்பின் களமாக்கிக் கட்டுரை எழுத வேண்டாம். அங்கும் மதில் உண்டு, சீட்டு உண்டு, தலைவலி தரும் ஒலிபெருக்கி உண்டு. உணவு விலை வெளியைவிடக் கூடுதல். தற்காலிகமாகப் பொருத்தப்படும் ராட்டினங்களில் ஏறுவதற்கு நான் யாரையும் தூண்டமாட்டேன். பாதுகாப்பு ஏற்பாட்டில் நிலையான பூங்காவோடு அவற்றை ஒப்பிட முடியாது. 2019 ஜனவரி 30 இரவு அங்கே மூண்ட தீயில் ஏராளமான கடைகள் எரிந்து வணிகர்கள் முதலை இழந்ததும் மறக்கத்தக்கது அன்று. சக்கர நாற்காலியில் வரும் தோழர் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த நெரிசல் பூங்காவைவிடக் கொடியது. வேலைநாளில், ஐந்து மணிக்கு முன்பாகப் போவதே அறிவு.

தொடக்கத்தில் அதன் பெயர் 'நுமாயிஷ் மஸ்னூஆத்-எ-முல்கி'. முல்கி என்றால் நாட்டைச் சார்ந்த, உள்நாட்டு என்று பொருள். 1952இலும் 1969இலும் இந்நகரின் தெருக்களில் முழங்கிய சொல் இதுவே. உள்ளூரார் யார், வெளியூரார் யார் என்பதற்காக உயிர்கள் போயின. இன்று அச்சொல் வழக்கொழிந்தாலும் வினா எஞ்சியிருக்கிறது, மிகச் சிறிய வடிவில். 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லை. தெலங்கானாவில் குடியிருப்பு உள்ள பெண்களுக்குத்தான். சேலத்து முகவரி கொண்ட ஆதார் அட்டையை நீட்டும் எனக்கு நடத்துநர் அம்மா சிரித்துக்கொண்டே சீட்டுக் கிழிப்பார். இதில் எனக்குக் குறையில்லை; அத்திட்டம் எத்தனை பெண்களின் நடமாட்டத்தை மாற்றியிருக்கிறது என்பதை நாள்தோறும் பார்க்கிறேன். ஆனால் பயணம் திட்டமிடுபவர் அறிய வேண்டிய செய்தி இது: வாடகை வண்டி அமர்த்தி எல்லோரிடமும் சமமாகப் பிரித்தால், இலவசமாக வந்திருக்கக்கூடிய உள்ளூர்த் தோழியிடம் நாம் பணம் பறிக்கிறோம். அவரவர் வழியில் வந்து ஓரிடத்தில் சேர்வது நியாயம். நாம்பள்ளிக்கு மெட்ரோவும் உண்டு.

ஹலீமுக்கு வருவோம். கோதுமையும் இறைச்சியும் மணிக்கணக்கில் இடிபட்டு ஒன்றாகும் இவ்வுணவுக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதன் மூத்த உறவான ஹரீஸின் பெயர் இடித்தல் என்னும் பொருள் கொண்ட அரபு வேரிலிருந்து வருவது. நிஜாமின் படையில் சேவை செய்த ஹள்ரமவுத் அரபியர் குடியேறிய பர்காஸில் இன்றும் அது கிடைக்கும். பர்காஸ் என்ற பெயரோ ஆங்கிலத்தின் 'பாரக்ஸ்' திரிந்தது. ஒரு கிண்ணத்துக்குள் மூன்று மொழிகள். இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இங்கே நான் எதிர்ப்பது ஒரு குறிப்பிட்ட திட்டத்தை. பகலில் பூங்கா, மாலையில் ஹலீம் என்று ரமலான் மாதத்தில் போடும் திட்டம். நோன்பிருக்கும் நம் தோழர் விடியல் முதல் ஒரு மிடறு நீரும் அருந்தாமல், வெயிலில், நீரில் குதிக்கும் நம்மைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் அமர்ந்திருக்க வேண்டும். அல்லது அறையிலேயே இருந்துவிட வேண்டும். மாலையில் அவருடைய நோன்புதிறப்பின் உணவை நாம் திருவிழாவாக உண்போம். அவர் மாதத்தின் சுவை நமக்கு வேண்டும், அவர் பகல் நமக்கு வேண்டாம். சந்திர நாட்காட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால் 2027இல் ரமலான் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில், நுமாயிஷின் கடைசி வாரத்தோடு வந்து சேரும். 2028இல் இன்னும் முன்னே, ஜனவரி இறுதியில். நுமாயிஷும் ஹலீமும் ஒரே மாலையில் கிட்டும் ஆண்டுகள் வரப்போகின்றன. எல்லோரும் உற்சாகமாகத் திட்டமிடுவார்கள். பூங்காவை டிசம்பருக்கோ நோன்பு முடிந்த பின்னருக்கோ தள்ளிவிட்டு, மாலையை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

உணவு எல்லோரையும் இணைக்கும் என்ற இனிய பேச்சையும் அளவோடு நம்புவோம். 2012 ஏப்ரலில் உஸ்மானியா வளாகத்தில் மாணவர்கள் நடத்திய மாட்டிறைச்சி உணவுத் திருவிழா வன்முறையில் முடிந்தது. யார் உணவு திருவிழாவாகும், யார் உணவு குற்றமாகும் என்பதை இந்நகரின் மாணவர்கள் உடம்பால் அறிந்தவர்கள். நம் குழுவிலும் 'எல்லோருக்கும் பொதுவாகச் சைவ உணவகம்' என்ற முடிவை ஒருவர் எடுத்துவிட்டுப் பெருந்தன்மையாக உணர்வதைப் பார்த்திருக்கிறேன். பலவகைக் கடைகள் அருகருகே இருக்கும் இடத்தைத் தேர்ந்தால் யாரும் யாருக்காகவும் முடிவெடுக்க வேண்டியதில்லை. சங்கராந்தியை ஒட்டிச் செகந்தராபாத் பரேடு மைதானத்தில் நடக்கும் பட்டம், இனிப்புத் திருவிழா இதற்கு நல்ல இடம். நகரில் வாழும் பல மாநிலக் குடும்பத்துப் பெண்கள் வீட்டுமுறையில் செய்த பண்டங்களைக் கொண்டுவந்து வைப்பர். ஆனால் அந்த வாரம் நம்மில் பாதிப்பேர் ஊருக்குப் போகும் இரயிலில் இருப்போம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்விச் சுற்றுலா என்ற பெயரில் துறைகள் ஏற்பாடு செய்யும் பயணங்களின் கடைசி நாளில் பூங்கா ஒன்று சேர்க்கப்படுவது வழக்கமாகிவிட்டது. முழுத் தொகையையும் ஒரே கட்டணமாக வசூலிப்பதால், அதில் எவ்வளவு அருங்காட்சியகத்துக்கு, எவ்வளவு நீர்ச்சறுக்குக்கு என்று மாணவருக்குத் தெரிவதில்லை. வராதவர் கல்வியிலேயே அக்கறையற்றவராகப் பதிவாகிறார். பூங்காவைத் தனிக் கட்டணமாகப் பிரித்துக் காட்டுங்கள். கூட்டுச் சலுகையில் ஆசிரியருக்கும் ஓட்டுநருக்கும் இலவசச் சீட்டு கிடைத்தால், அதையும் மாணவர் கணக்கில் கழித்துவிடுங்கள். இது பெரிய புரட்சி அன்று. ஒரு தாளில் இரண்டு வரி கூடுதல்.

பணம் கட்ட இயலாதவரை எப்படிக் கண்டறிவது என்று நண்பர் ஒருவர் கேட்டார். கண்டறிய வேண்டாம் என்பதே என் விடை. வருமானச் சான்றிதழ் கேட்கும் பழக்கத்தை அரசிடமே விட்டுவிடுவோம். ஒரு மூடிய பெட்டியில் அவரவர் இயன்றதை இடட்டும். மொத்தம் சேர்ந்த தொகைக்கு எத்தனை சீட்டு வருமோ அதற்கேற்ப நாளையும் இடத்தையும் தேர்வோம். யாரேனும் வசதியிருந்தும் குறைத்துப் போட்டால்? போடட்டும். இருபது பேரில் ஒருவர் அப்படிச் செய்தால் மற்றவருக்கு ஆகும் கூடுதல் செலவு, மேலே போட்ட கணக்கின்படி, பூங்காவில் ஒரு தேநீரின் விலையைத் தாண்டாது.

எங்கள் துறையில் இவ்வாண்டு இப்படி முடிவாகியிருக்கிறது. பூங்காவுக்குப் போக விரும்புவோர் தனியே ஒரு வேலைநாளில் போகிறார்கள். 17 பேர் சேர்ந்திருக்கிறார்கள், 20 சீட்டு வாங்குகிறார்கள், மூன்று சீட்டுக்குப் பெயர் இன்னும் எழுதப்படவில்லை. விரும்புபவர் ஆய்வறைக் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதலாம். யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். நுமாயிஷுக்கு எல்லோரும். வியாழக்கிழமை மாலை நாலரை மணி, நாம்பள்ளி மெட்ரோ நிலையத்தின் வெளிவாசல். அடையாள அட்டை தேவையில்லை. சில்லறை கொண்டுவாருங்கள்.